சோறு இறக்கிய கயிறு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த தேசம், என்ன பெயர் என்று கேட்க நினைப்பவர்கள் இப்போதே கேட்டுவிடுங்கள். இங்கே உட்கார்ந்து 'உம்' கொட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போது சந்தேகம் வந்து, நாளைக்கு என் வாசலில் வந்து நிற்கிற வேலை வேண்டாம். அப்படி வந்த ஒரு சந்தேகத்தால் ஒரு மனிதன் கிணற்றுக்குள் போனான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ராஜாவின் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்குக் கூத்து என்றால் உயிர், அது தெரியும்.

அந்த ராஜாவின் சபையில் திருமேனி என்று ஒரு விகடர் இருந்தார். சபைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருஷம் எல்லப்ப வாத்தியாரின் கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், கட்டியங்காரனாக ஆடியவர். கட்டியங்காரன் என்றால் கோமாளி. கூம்புத் தொப்பியும் முகத்தில் வெள்ளையுமாக ஆடுகளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, ராஜா வந்தால் ராஜாவை, ராட்சசன் வந்தால் ராட்சசனை, ஜனங்களுக்கு மனசில் என்ன கேட்கத் தோன்றுமோ அதைக் கேட்பான். "ஏன் சாமி, பத்துத் தலை வெச்சிருக்கியே, எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பே?" என்பான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்த உடனே அந்தக் கேள்வி அங்கேயே செத்துப்போகும், யாரும் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். கூத்துக்காரர்கள் பல தலைமுறையாகக் கைவசம் வைத்திருந்த உபாயம் அது.

ஒரு திருவிழாவில் திருமேனியைப் பார்த்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்ட ராஜா, கையோடு அவரை அரண்மனைக்கு அழைத்து வந்துவிட்டார். பட்டு அங்கவஸ்திரம், காதில் முத்துக் கடுக்கன், சிம்மாசனத்திலிருந்து மூன்றாவது ஆசனம். நாலாவது ஆசனத்துக்கு நகர்த்தப்பட்டவர் சபாபண்டிதர் மங்களநாதர். நாலு சாஸ்திரம் படித்தவர் ஒரு கோமாளிக்குக் கீழே உட்கார வேண்டுமென்றால் வயிறு எரியாதா? எரிந்தது. அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் பக்கத்து தேசத்துத் தூதுவர் வந்து இறங்கினார். அவருக்கு நம் தேசத்துக் கூத்தைக் காட்டவேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. யாரைக் கூப்பிடலாம் என்றதும் திருமேனி எல்லப்ப வாத்தியாரைச் சொன்னார். என்ன கதை என்றதும் கிணற்று ராஜா கதையைச் சொன்னார். நல்ல ராஜா ஒருவனைப் பகை ராஜா பாழுங்கிணற்றில் இறக்கி, பன்னிரண்டு வருஷம் அங்கேயே கிட என்று விட்டுவிடுகிறான். அவன் மனைவி தினமும் சோற்றுக் கலயத்தைக் கயிற்றில் கட்டி இறக்கி அவன் உயிரைக் காப்பாற்றுகிறாள். பன்னிரண்டு வருஷம் முடிகிற அன்று அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்த பகை ராஜா, கிணற்றுக்குள்ளிருந்து வரும் பாட்டைக் கேட்டு நெஞ்சு இளகி, தன் கையாலேயே அவனைத் தூக்கிவிடுகிறான். இவ்வளவுதான் கதை. எல்லப்பர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற விருத்தத்தைக் கேட்டால் கல்லும் அழும் என்று அந்தக் காலத்தில் பேச்சு.

மங்களநாதர் கதையை ஒப்புக்கொண்டார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: தூதுவர் வீற்றிருக்கும் சபையில் ஒரு தொப்பிக்காரன் நின்று ராஜாக்களை 'ஏன் சாமி' என்று கேள்வி கேட்பது நம் மரியாதைக்குத் தகாது, கட்டியங்காரன் இல்லாமல் ஆடட்டும்.

எல்லப்பர் பதறிப்போய்த் திருமேனியைத் தேடி வந்தார். கட்டியங்காரன் இல்லாமல் கூத்தா, அது கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி, யாராவது விழுவார்கள், நீ ஒரு வார்த்தை சொல்லு என்று கெஞ்சினார். அன்றைக்கு ஒரு நாளைக்கு நீயே தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றால் ராஜா வேண்டாம் என்றா சொல்லிவிடுவார் என்றும் கேட்டுப் பார்த்தார். திருமேனிக்கு மூன்றாவது ஆசனம் நினைவுக்கு வந்தது. தூதுவருக்கு முன்னால் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு நிற்பதை நினைக்கவே உடம்பு கூசியது. "சபைன்னா அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்குண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எல்லப்பர் அவர் காதுக் கடுக்கனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

கூத்து நடந்தது. உச்சி சாய்ந்ததும் தொடங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் நடந்தது. எல்லப்பர் பாடப் பாட அரண்மனை முற்றம் முழுக்க மூக்குறிஞ்சுகிற சத்தம். ராஜா அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்தார், துடைத்த இடத்திலேயே மறுபடியும் நனைந்தது. தூதுவர் அதைப் பார்த்தார். கடைசியில் ராஜா எழுந்துபோய்த் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி எல்லப்பர் கழுத்தில் போட்டார். மறுநாள் காலை தூதுவர் விடைபெற்றுக்கொண்டு தன் தேசத்துக்குக் கிளம்பினார்.

அன்று மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு கவளம் உள்ளே போயிற்று. மூன்றாவது கவளத்தை எடுத்த கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"சோறு இறங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் ஏன் ஏறி வரவில்லை?" என்றார்.

நெய்க் கரண்டியோடு நின்ற பரிசாரகன் யோசித்தான். பிறகு அவன் வாயும் திறந்துகொண்டது. ஆமாம், ஏன் ஏறி வரவில்லை? கடைசியில் பகை ராஜா அவனைத் தூக்கியதும் ஒரு கயிற்றில்தானே?

பொழுது சாய்வதற்குள் அரண்மனை முழுக்க இதுதான் பேச்சு. லாயக்காரன் கேட்டான், பல்லக்குத் தூக்குகிறவன் கேட்டான், பூக்கட்டுகிறவள் கேட்டாள். முந்தின நாள் மூக்கைச் சிந்திச் சிந்தித் தூணில் தடவியவர்கள் எல்லாரும், எனக்கு அப்போதே தெரியும், சபையில் சொல்ல வேண்டாமே என்று இருந்துவிட்டேன் என்றார்கள். நம் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

ராஜாவுக்குக் கூத்து பொய்யாகப் போனதுகூடப் பெரிதில்லை. தூதுவர் முன்னால் அழுதுவிட்டோமே என்பதுதான் அவரைத் தின்றது. இந்நேரம் அந்த மனிதர் வழியில் ஏதோ ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, கட்டுச்சோற்றைப் பிரித்து, அவருக்கும் இதே கேள்வி தோன்றி, தன் ஆட்களோடு சேர்ந்து என்னை நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிச் சொல்லி முகம் சிவந்தார். எல்லப்பரையும் ஜமாக்காரர்களையும் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்.

அந்தக் கேள்வி திருமேனிக்குப் புதிது இல்லை. பதினோரு வருஷமாக ஊர் ஊராக, அதே காட்சியில், அவரேதான் அதைக் கேட்டிருக்கிறார். "ஏன் சாமி, சோறு வர்ற கயிறு உன்னைத் தூக்காதா?" என்பார். "சோறு மேலருந்து கீழ வருதுடா, நான் கீழருந்து மேல போகணும், ரெண்டுக்கும் வழி வேற" என்று எல்லப்பர் உள்ளேயிருந்து சொல்வார். அது ஒரு பதிலா? பதிலே இல்லை. ஆனால் கூட்டம் கைதட்டிச் சிரித்துவிடும், அப்புறம் ஆனந்தமாக அழும். அந்த இரண்டு வரிதான் அன்றைக்கு இல்லாமல் போனது. தன் வாயால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ராஜா கேட்கிறார் என்று அவருக்குப் புரிந்தது.

சபை கூடியது. எல்லப்பர் ராஜாவின் காலில் விழுந்தார். எங்கள் தாத்தா காலத்துக் கதை, அவர்கள் பாடியபடி பாடினோம், வேறு ஒன்றும் அறியோம் என்றார். ராஜா என்ன தண்டனை கொடுக்கலாம் என்று யோசித்தபோது மங்களநாதர் எழுந்தார்.

"மகாராஜா, அவசரப்பட்டுத் தண்டிப்பது தர்மம் அன்று. கதை மெய்யா பொய்யா என்று சோதித்து அறிவோம். யானைக் கொட்டாரத்தின் பின்னால் பாழுங்கிணறு ஒன்று உள்ளது. இவரை அதில் இறக்குவோம். கதையில் உள்ளபடியே இவர் மனைவி நாள்தோறும் கயிற்றில் சோறு இறக்கட்டும். கதையில் உள்ளபடியே பன்னிரண்டு ஆண்டு இவர் உள்ளே இருக்கட்டும். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் நடக்கட்டும். அந்தக் கயிற்றில் ஏறி இவர் வெளியே வந்துவிட்டால் கதை பொய். சபையில் பொய் சொன்ன நாக்கை அறுத்துவிடலாம்."

பார்த்தீர்களா கெட்டிக்காரத்தனத்தை? ஏறினால் நாக்குப் போகும். ஏறாவிட்டால் பன்னிரண்டு வருஷம். பாடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ராஜா சரி என்றார். மங்களநாதர் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஓலையில் எழுதி முத்திரை வைத்தார்கள். திருமேனி எழுந்து, கட்டியங்காரன் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொல்லிப் பார்த்தார். ராஜா அவர் பக்கம் திரும்பவே இல்லை. இவர்களைக் கொண்டு வந்தவர் நீர்தானே, பேசாமல் உட்காரும் என்றார். மங்களநாதர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திருமேனியைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

எல்லப்பரைக் கிணற்றில் இறக்கினார்கள். ஜமாக்காரர்களைக் கொட்டாரத்தில் அடைத்தார்கள். எல்லப்பர் மனைவி பூங்காவனம் மறுநாளிலிருந்து கலயத்தில் சோறு கட்டி இறக்கினாள். அவளுக்கு வயது ஐம்பதுக்கு மேல். கிணறு ஆழம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இரண்டு நாளில் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

இரண்டாம் நாள் திருமேனி கிணற்றடிக்குப் போனார். பூங்காவனம் அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, ராஜா கேட்கிற கேள்விக்கு என்னதான் பதில் தம்பி என்று கேட்டாள். தெரியவில்லை அண்ணி, அதற்குப் பதிலே கிடையாது என்றார் இவர். அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"பதில் இல்லாம என்ன. கவுத்தோட இந்த முனை என் கையில இல்ல இருக்குது. அவரு அதைப் புடிச்சு ஏறினா நான் உள்ள விழுந்துருவேன். பொண்டாட்டி உள்ள விழட்டும்னு எவன் தம்பி ஏறுவான்?"

திருமேனி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சிரிக்க வைத்தவருக்கு ஒரு நாளாவது இது தோன்றவில்லையே. தாத்தா காலத்துக் கதை ஓட்டைக் கதை இல்லை. ஏறாததுதான் கதையே. அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அப்படியே எழுந்து சபைக்கு ஓடினார்.

ராஜாவிடம் மூச்சு வாங்கச் சொன்னார். ராஜா கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது, அங்கவஸ்திரத்தின் நுனி கண் வரைக்கும் போனது. திருமேனிக்கு உயிர் வந்தது. அப்போது மங்களநாதர், அருமையான விளக்கம் என்று தலையசைத்துவிட்டு, ஒரு சிறிய ஐயம் என்றார். பக்கத்தில் மரம் இல்லையா? கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு அவனை ஏறி வரச் சொல்லியிருக்கலாமே?

ராஜாவின் கை கீழே இறங்கியது. ஆமாம், மரத்தில் ஏன் கட்டவில்லை என்றார்.

காவலர்கள் இருந்தார்கள், அவன் வெளியே வந்தால் பிடித்துவிடுவார்கள் என்றார் திருமேனி. காவலர்கள் இருக்கும்போது பன்னிரண்டு ஆண்டு சோறு எப்படி இறக்கினாள் என்றார் மங்களநாதர். காவலர்கள் இரக்கப்பட்டுக் கண்டும் காணாமலும் இருந்துவிட்டார்கள் என்றார் திருமேனி. இரக்கப்பட்டவர்கள் அவனைத் தூக்கியே விட்டிருக்கலாமே என்றார் மங்களநாதர். ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இரண்டு திறந்தது. திருமேனி வாயை மூடிக்கொள்வதற்குள் ராஜா சிம்மாசனத்தின் கையை ஓங்கி அடித்தார். இனி இந்தக் கதைக்கு விளக்கம் சொல்ல வருகிறவன் எவனாக இருந்தாலும் அவனையும் அதே கிணற்றில் இறக்குங்கள் என்று உத்தரவு போட்டார்.

விகடர் என்றால் எப்போதும் ஒரு யுக்தி மடியில் முடிந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒன்றும் கிடையாது. திருமேனி வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. இருந்த ஒரே உண்மையான பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தாகிவிட்டது, அதையும் கசக்கிப் போட்டுவிட்டார்கள். நம்புகிற வரைக்கும் கதை. நம்பாதவனிடம் எதைச் சொன்னாலும் ஓட்டைதான். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

நாலாம் நாள் மழை பெய்தது. கிணற்றில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர் நின்றது. அதுவரைக்கும் எல்லப்பர் காலையில் உள்ளேயே நின்று சாதகம் பண்ணுகிற சத்தம் கொட்டாரத்தில் அடைபட்டிருந்த ஜமாக்காரர்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, அவர்களும் தைரியமாக இருந்தார்கள். ஐந்தாம் நாள் பாட்டு வரவில்லை, இருமல் வந்தது. ஆறாம் நாள் இருமலும் தொண்டையில் சிக்கி நின்றது. பூங்காவனம் சுக்குக் கஷாயம் இறக்க அனுமதி கேட்டாள். கதையில் கஷாயம் இல்லை, கூட்டக் கூடாது என்று மங்களநாதர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்.

ஏழாம் நாள் காலையில் திருமேனி கிணற்றின் விளிம்பில் குனிந்து நின்றார். கீழே இருட்டில் ஒரு தலை தெரிந்தது. அண்ணே, நான் ஒருத்தன் வெள்ளை பூச வெட்கப்பட்டதால்தான் உனக்கு இந்தக் கதி, என்னைச் சபித்துவிடு என்றார். எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் கேட்டார் எல்லப்பர். அதுவே காற்றும் கரகரப்புமாகத்தான் மேலே வந்தது. ஏழு நாள் என்றார் திருமேனி.

"ஏழு நாளா" என்றார் எல்லப்பர். "நம்ம களத்துல ரெண்டு பேரு திரை புடிப்பாங்க, ஒரு விருத்தம், திரையை இறக்கினா பன்னெண்டு வருசம் போயிருக்கும். நான் இந்நேரம் வேசம் கலைச்சு வெத்தலை போட்டுக்கினு இருப்பேன்."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார், இருமல் அதை விழுங்கியது. திருமேனி விளிம்பை விட்டு நிமிர்ந்தார். பூங்காவனம் என்ன தம்பி என்றாள். அவர் கொட்டாரத்துக்குப் போய் ஜமாவின் பெட்டியைத் திறந்தார். காதுக் கடுக்கனைக் கழற்றி அதற்குள் போட்டார். தொப்பியை எடுத்தார்.

அன்று சபையில் மூன்றாவது ஆசனம் காலியாக இருந்தது. வாசலில் சலசலப்பு கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். முகம் முழுக்க வெள்ளையும் தலையில் கூம்புத் தொப்பியுமாகத் திருமேனி உள்ளே வந்தார். மங்களநாதர் முகத்தைச் சுளித்தார். மறுபடி விளக்கம் சொல்ல வந்தீரா, கிணறு தயாராக இருக்கிறது என்றார் ராஜா.

"விளக்கம் சொல்ல வரவில்லை, மகாராஜா. செய்தி சொல்ல வந்தேன். தேவரீர் விதித்த பன்னிரண்டு ஆண்டு இன்று முடிகிறது. கைதியை வெளியே எடுக்க எழுந்தருள வேண்டும்" என்றார் திருமேனி.

ஏழு நாள் எப்படிப் பன்னிரண்டு ஆண்டாகும், பயலுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சபை முணுமுணுத்தது. ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கிற ஆசை வந்துவிட்டது. வேஷத்தைக் கண்டால் அவருக்கு உட்கார்ந்திருக்க முடியாது. சபையோடு கிணற்றடிக்கு வந்தார்.

ஜமாவிலிருந்து இரண்டு பேரையும் மத்தளக்காரனையும் வெளியே விடச் சொன்னார் திருமேனி. இரண்டு பேரும் கிணற்றுக்கு முன்னால் கூத்துத் திரையை விரித்துப் பிடித்தார்கள். மத்தளக்காரனுக்கு மத்தளம் வந்தது. திருமேனி தொண்டையைச் செருமிக்கொண்டு, பங்குனி போய்ச் சித்திரை வந்து, கார்த்திகை போய் மார்கழி வந்து, ஆண்டு பன்னிரண்டும் அகன்றதே என்று ஒரு விருத்தத்தை இழுத்தார். நல்ல குரல் கிடையாது அவருக்கு. பாடி முடித்ததும் திரையை இறக்கச் சொன்னார்.

"முடிந்தது, மகாராஜா" என்றார்.

மங்களநாதர் பொறுக்க முடியாமல், இது ராஜ ஆணையைப் பரிகசிப்பது, பன்னிரண்டு ஆண்டு என்றால் பன்னிரண்டு ஆண்டுதான் என்று கத்தினார். திருமேனி அவரைக் கும்பிட்டுவிட்டு, ஆணை ஓலையைப் படிக்கச் சொன்னார். கதையில் உள்ளபடியே பன்னிரண்டு ஆண்டு, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் என்று படித்தார்கள்.

"கதையில் பன்னிரண்டு ஆண்டு எவ்வளவு நேரம் நடந்தது? சபை முழுவதும் பார்த்தது. பண்டிதரும் பார்த்தார். திரை ஏறி இறங்கும் நேரம். அதற்குள் யாருக்கும் நரைக்கவில்லை, யாரும் எழுந்து போய்ச் சாப்பிட்டு வரவில்லை, பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏழு நாள் இவரை வைத்திருந்ததே ஆணைக்கு மேலே கூட்டியது. அந்தக் குற்றம் யாருடையது என்று நான் கேட்க மாட்டேன், ஏன் சாமி, நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்றார் திருமேனி.

ராஜாவைப் பார்த்து அவர் 'ஏன் சாமி' என்றதும் சபை ராஜாவின் முகத்தைப் பார்த்தது. ராஜா திரையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, அடடா, பன்னிரண்டு வருஷம் அப்படியே போயிற்றே, அது அதைவிடப் பெரிய ஓட்டை அல்லவா, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை விட்டுவிட்டேனே என்றார். உதடு துடித்தது. தொப்பை குலுங்கியது. அதற்கப்புறம் அவரால் நிறுத்த முடியவில்லை, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜா சிரித்ததும் சபை சிரித்தது. மங்களநாதரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அடுத்து கதையில் என்ன வரும் என்றார் ராஜா. அடுத்து பகை ராஜா வந்து தன் கையால் தூக்க வேண்டும். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கிணற்றில் போட்ட ராஜாதான் தூக்க வேண்டும் என்று திருமேனி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மகாராஜாவையே பகைவன் என்கிறானே என்று மங்களநாதர் தொடங்குவதற்குள் ராஜா அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டுவிட்டார். அவருக்குக் கூத்து என்றால் உயிர் என்று சொன்னேனே. வாழ்நாளில் அவருக்கு யாரும் ஒரு வேஷம் கொடுத்ததில்லை. பூங்காவனத்தின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, நாலு சேவகர்கள் பின்னால் பிடித்துக்கொள்ள, ராஜாவே இழுத்தார்.

எல்லப்பர் மேலே வந்தார். கால் இரண்டும் வெளுத்து ஊறிப்போயிருந்தன. கதைப்படி வெளியே வந்ததும் அவர் நின்று ஒரு விருத்தம் பாட வேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள். எல்லப்பர் கைகூப்பி, வழக்கம்போல மார்பை நிமிர்த்தி, வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது.

ராஜா மெய்மறந்து பார்த்தார். பன்னிரண்டு வருஷம் கிணற்றில் கிடந்தவனுக்குக் குரல் எப்படி வரும், என்ன நடிப்பு, இதில் ஒரு ஓட்டை உண்டா சொல்லுங்கள் என்று கையைத் தட்டினார். சபை முழுவதும் தட்டியது. பூங்காவனம் மட்டும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். அவர் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். ராஜாவின் சிரிப்பு நின்றுவிடக் கூடாதே, வேறு என்ன செய்வார்?

எல்லப்பருக்குப் பொன்னாடையும் மோதிரமும் கிடைத்தன, ஜமாக்காரர்களையும் விட்டுவிட்டார்கள். திருமேனிக்கு ராஜா தன் கங்கணத்தைக் கழற்றிப் போட்டார். இனி தினமும் மதியம் என் பக்கத்தில் இலை போட்டு உட்காரும், உம்மைப் போல ஒருவர் இருந்தால்தான் எனக்குச் சோறு செரிக்கும் என்றார். அதைவிடப் பெரிய மரியாதை அந்த அரண்மனையில் யாருக்கும் கிடைத்தது கிடையாது.

வெயில் தாழ்வதற்குள் திருமேனி ஜமாவை இரண்டு மாட்டுவண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார். அக்கரை அடுத்த தேசம். ராஜா சமாதானமாகிவிட்டாரே, எதற்கு இந்த ஓட்டம் என்று பூங்காவனம் கேட்டாள்.

"இப்ப சிரிச்சுட்டாரு அண்ணி. நாளைக்கோ நாளான்னைக்கோ தோணும். திரை புடிச்சா பன்னெண்டு வருசம் போயிரும்னா, சிறையில கெடக்குறவன் எல்லாம் திரை கேப்பானே, நம்ம ஆணைக்கு என்ன மரியாதைன்னு தோணும். தோணினா மறுபடி ஆள் அனுப்புவாரு."

அப்படியானால் நீயும் ஏறு தம்பி என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லப்பரும் நகர்ந்து இடம் விட்டார்.

"நான் வந்துட்டா அவரு தனியா உக்காந்து சாப்பிடுவாரு அண்ணி. யோசிக்க நேரம் கெடைச்சுரும்" என்றார் திருமேனி.

எல்லப்பர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ சொன்னார், உதடு அசைந்தது, திருமேனிக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினார். வண்டிகள் ஆற்றில் இறங்கின.

மறுநாள் மதியத்திலிருந்து திருமேனி ராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். ராஜா கவளத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானித்தால் போதும், இவர் ஏதாவது சொல்வார். மங்களநாதருக்கு ஆணையில் விழுந்த அந்த ஓட்டை இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சொல்வதற்காக எத்தனையோ தடவை வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே ராஜா சிரித்துக்கொண்டிருப்பார். சிரிக்கிற ராஜாவிடம் போய் யார் கேள்வி கேட்பது என்று திரும்பிப் போய்விடுவார். ராஜா அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் இருந்தார். ஒரு நாள்கூடத் திருமேனிக்குக் காய்ச்சல் தலைவலி என்று படுக்க முடியவில்லை.

மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, அக்கரையிலிருந்து வந்த உப்பு வியாபாரி ஒருவன் அரண்மனை வாசலில் திருமேனியைப் பார்த்தான். எல்லப்ப வாத்தியார் அதற்கப்புறம் பாடவே இல்லை, கடைசி வரைக்கும் சைகையில்தான் பேசினார், போன ஐப்பசியில் போய்விட்டார் என்று சொன்னான். திருமேனி கேட்டுக்கொண்டார். உள்ளே இலை போட்டுவிட்டதாக ஆள் வந்து கூப்பிட்டது. போய் உட்கார்ந்தார். அன்றைக்குச் சிரித்ததைப் போல ராஜா என்றைக்கும் சிரித்ததில்லை என்று பரிமாறினவர்கள் சொன்னார்கள்.